படர்தாமரையும் வீட்டு நாயும்: வியாசர்பாடியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

வியாசர்பாடியில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருப்பது இது. அவருடைய பதினான்கு வயது மகனுக்கு ஆறு மாதமாக இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் போட்டால் நான்கு நாளில் அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பி வருகிறது. வீட்டில் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் ஒரு நாயும், இரண்டு மாதப் பூனைக்குட்டி ஒன்றும் இருக்கின்றன. நாயின் காதுமடலில் உண்ணிகள் இருப்பதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், எல்லாம் இந்த நாயால்தான் என்கிறார்கள். அதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இவற்றையெல்லாம் எந்தப் படிப்பில் ஆராய்கிறார்கள் என்று பிளஸ் டூ படிக்கும் மூத்த மகள் கேட்கிறாள். கடைசியாக, மகன் நாயோடு ஒரே பாயில் படுப்பதைத் தடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் கால்நடை மருத்துவத்தில் ஒட்டுண்ணியியலைப் படித்து, அதையே பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன். பெரம்பூரில் வசிக்கிறேன்; ஆகையால் அந்தத் தாயார் சொல்லும் வீட்டையும் தெருவையும் காற்றோட்டத்தையும் என்னால் கண்முன் கொண்டுவர முடிகிறது. முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாயின் காதில் இருக்கும் உண்ணிக்கும் உங்கள் மகனின் படர்தாமரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உண்ணி எட்டுக் கால்கள் கொண்டு இரத்தம் குடிக்கும் உயிர், சிலந்திக்கு உறவு. படர்தாமரை என்பது தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சையால் வருவது. உண்ணி அந்தப் பூஞ்சையைப் பரப்புவதில்லை. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருப்பதனால் ஒன்றை மற்றொன்றின் காரணமாக நினைத்துவிடுகிறோம்.

ஆறு மாதமாக இந்தப் படர்தாமரை போகாமல் இருப்பதற்கு நாயைவிட நெருக்கமான இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். முதலாவது அந்தக் களிம்பு. நீங்கள் அதன் பெயரை எழுதவில்லை. ஆனால் நான்கு நாளில் அடங்கி, விட்டதும் பெரிதாக வருகிறது என்ற அந்த ஒரு வரியே, அதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று நினைக்கத் தூண்டுகிறது. குழாயை எடுத்துப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால், அவை சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லா. சிவப்பும் அரிப்பும் உண்மையில் பூஞ்சைக்கு எதிராக நம் உடல் நடத்தும் போரின் அடையாளங்கள். போரை நிறுத்திவிட்டால் தோல் அமைதியாகத் தெரியும், பூஞ்சையோ தடையில்லாமல் படரும். அதே குழாயில் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் சேர்த்திருப்பார்கள். அந்தக் கலவையைப் பார்த்து எல்லா நோய்க்கும் ஆகும் என்று மக்கள் நம்புகிறார்கள். தொடையிடுக்குப் போன்ற மென்மையான இடத்தில் மாதக்கணக்கில் இதைப் பூசினால் தோல் மெலிந்து, மகப்பேற்றுக்குப் பின் வயிற்றில் தெரிவது போன்ற வரிகள் விழும். அந்த வரிகள் பிறகு மறைவதில்லை. வளரும் பையனுக்கு இது வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. அப்படியிருந்தும் சீட்டில்லாமல் இக்களிம்புகள் கைமாறுவதைக் காண்கிறேன். அது எனக்கு ஆறாத வருத்தம்.

இரண்டாவது காரணம் பூஞ்சையே மாறிவிட்டது. நான் மாணவனாக இருந்த காலத்தில் படர்தாமரை எளிய நோய். இப்போது நம் நாட்டில் பரவியிருப்பது பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்னும் இனம். முன்பு ட்ரைக்கோஃபைட்டன் மென்டக்ரோஃபைட்டிஸின் ஒரு வகையாகக் கருதப்பட்ட இதனை, 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த மாதிரிகள் இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து, பூஞ்சையின் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்னும் நொதியைப் பிடித்து முடக்கி, பூஞ்சைச் செல்லின் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாகாமல் தடுக்கிறது. இந்தப் புதிய இனத்தின் பல மாதிரிகளில் அந்த நொதியின் 397-ஆவது இடத்தில் ஃபினைல்அலனினுக்குப் பதிலாக லூசின் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் மருந்து நொதியைப் பிடிக்க முடியாமல் வழுக்கிவிடுகிறது. 2023-ல் அமெரிக்காவிலும் இதன் முதல் நோயாளிகள் பதிவானார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் பெருக்கத்தோடு இந்த இனம் பரவியதை வல்லுநர்கள் சேர்த்தே பேசுகிறார்கள். இது தற்செயல் என்று நானும் நம்பவில்லை.

இங்கேதான் நாயைப் பற்றிய கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. இந்த இண்டோட்டினியே முக்கியமாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. துண்டு, பாய், போர்வை, உள்ளாடை வழியாகச் செல்வது. விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் படர்தாமரைகள் வேறு. அவற்றுள் பெயர்போனது மைக்ரோஸ்போரம் கேனிஸ். கேனிஸ் என்றால் நாயைச் சேர்ந்தது என்று பொருள். ஆனால் அதன் உண்மையான இருப்பிடம் பூனை. குட்டிப் பூனைகளின் முகத்திலும் காது விளிம்பிலும் முடி உதிர்ந்து சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். சில பூனைகளில் வெளியே எதுவுமே தெரியாது. இது மனிதருக்கு வரும்போது கையிலும் கழுத்திலும் முகத்திலும், சிறு பிள்ளைகளுக்குத் தலையிலும், அதாவது பூனையைத் தூக்கிக் கொஞ்சும்போது படும் இடங்களில், நன்கு சிவந்த வட்டங்களாக வரும். உங்கள் மகனுக்கு இருப்பது இடுப்பிலும் தொடையிடுக்கிலும். இது வியர்வையும் இறுக்கமான துணியும் சேரும் இடம். ஆகவே என் சந்தேகம் முதலில் வீட்டு மனிதர்கள் மீதும், அதற்குப் பின் பூனைக்குட்டி மீதும், கடைசியில்தான் நாய் மீதும் செல்கிறது.

சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். நானே ஒருமுறை சந்தேகத்தைத் தீர்ப்பாகச் சொல்லி ஒரு குடும்பத்துக்குத் தீங்கு செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவிலேயே, மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் படர்தாமரை வந்த வீட்டில், வாலடியில் முடி கொட்டியிருந்த நாயைப் பார்த்துவிட்டு, எதையும் சோதிக்காமல், நாயை அனுப்பிவிடுங்கள் என்று சொன்னேன். அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்தும் பிள்ளைகளுக்குக் குறையாதபோது, ஒவ்வொருவரையும் சுரண்டிப் பார்த்தோம். நோய் அவர்களுடைய தாத்தாவின் இடுப்பில் இருந்தது. வெட்கத்தால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. குளித்ததும் நால்வரும் துவட்டிக்கொண்டது ஒரே துண்டு. நாய்க்கு இருந்தது தெள்ளுப்பூச்சிக் கடியால் வரும் ஒவ்வாமை. அதன் பிறகு, ஸ்லைடைப் பார்க்காமல் எந்த விலங்கின் மீதும் நான் குற்றம் சொன்னதில்லை.

அந்தச் சோதனை எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் நீங்கள் அதைக் கேட்டு வாங்கத் தயங்க மாட்டீர்கள். படர்தாமரை வட்டத்தின் நடுவில் தோல் தேறியது போல இருக்கும். அங்கே சுரண்டிப் பயனில்லை. பூஞ்சை முன்னேறிக்கொண்டிருப்பது சற்றே மேடான விளிம்பில். அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுரண்டினால், தவிடு போன்ற செதில்கள் உதிரும். இரத்தம் வராது, வலிக்காது. அந்தச் செதில்களை ஸ்லைடில் வைத்து, பத்துச் சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். தோல் செல்கள் ஊறித் தெளிந்து கண்ணாடி போல ஆனபின் நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தச் செல்களின் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடும், மூங்கிலின் கணுக்களைப் போல இடையிடையே தடுப்புள்ள, கிளைவிடும் இழைகள் தெரியும். புதிய மாணவர்கள் முதல் வாரத்தில் செல் எல்லைகளையே இழை என்று காட்டுவார்கள். எல்லை செல்லைச் சுற்றி வளையும், இழை அதைக் கடந்து போகும் என்று சொன்னபின் பிசகாது. எந்த இனம் என்று அறிய வேண்டுமானால், செதில்களைப் பூஞ்சை வளர்ப்பதற்கான சபூரோ ஊடகத்தில் இட்டு நான்கு வாரம் வரை வளர்த்துப் பார்க்க வேண்டும். சுரண்டுவதற்கு முன் சில நாட்கள் எந்தப் பூஞ்சை மருந்தையும் பூசாமல் இருந்தால்தான் விடை நம்பகமாக இருக்கும். இதைத் தோல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டை நிறுத்தியதும் ஒரு வாரம் அரிப்பு கொதித்தெழும். அதைத் தாங்க முடியாமல் மறுபடியும் அதே குழாயைத் தேடுவோர் பலர். அந்த ஒரு வாரத்துக்கு என்ன செய்வது என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூனைக்குட்டியைச் சோதிப்பதும் எளிது. புதுப் பல் பிரஷ் ஒன்றால் அதன் உடல் முழுவதும், முகமும் காதும் உட்பட, சில நிமிடம் வாரி, பிரஷ்ஷில் சேரும் முடியையும் செதிலையும் ஊடகத்தில் குத்தி வளர்க்கலாம். வுட் விளக்கு என்னும் கருவியின் புற ஊதா ஒளியில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடிகள் பச்சையாக ஒளிரும்; ஒளிரவில்லை என்பதை மட்டும் வைத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் வீட்டிலிருந்து வேப்பேரி தொலைவில்லை. 1903-ல் டாபின் ஹால் என்ற கட்டிடத்தில் இருபது மாணவர்களுடன் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு நாயையும் குட்டியையும் ஒன்றாகவே கொண்டு செல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு, தனிப் போர்வை. மகனின் துணிகளைத் தனியாக, நல்ல சூடான நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பகுதி வீடுகளில் துணி அறைக்குள்ளேயே கொடியில் கிடந்து அரைகுறையாகக் காயும். அந்த ஈர உள்ளாடையைப் போட்டுக்கொண்டு பிள்ளை பள்ளிக்குப் போவான். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெரியவர்களும் வெட்கப்படாமல் தோலைக் காட்டுங்கள். ஒருவர் மட்டும் மருந்து எடுத்து, மற்றொருவர் எடுக்காமல் இருந்தால், நோய் ஒரே வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இனி உண்ணி. உங்கள் மகனின் தோலுக்கு அது காரணமில்லை என்றேன். ஆபத்தில்லை என்று சொல்லவில்லை. உங்கள் நாயின் காதில் இருப்பது பெரும்பாலும் ரிப்பிசெஃபாலஸ் சாங்குனியஸ் என்னும் பழுப்பு நாயுண்ணி. மற்ற உண்ணிகள் பல புல்லிலும் புதரிலும் வாழ, இது மட்டும் வீட்டுக்குள் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டது. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு ஒருமுறை நாயின் இரத்தம் குடித்துக் கீழே விழுந்து தோலுரிக்கும். எட்டுக்கால் இளம் உண்ணியாகி மறுபடியும் ஏறிக் குடித்து விழும். வளர்ந்தபின் மூன்றாம் முறை ஏறும். வயிறு நிறைந்த பெண் உண்ணி சிறிய ஆமணக்கு விதை போல உப்பி, நாயை விட்டு இறங்கி, தரையில் தங்காமல் சுவரில் மேல்நோக்கி ஏறும். நாய் படுக்கும் மூலையில் ஒரு டார்ச்சை அடித்து, சுவரில் காரை பெயர்ந்த இடுக்கையும், கதவுநிலைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் பிளவையும், மின்கம்பிக் குழாயின் பின்புறத்தையும் பாருங்கள். சாம்பல் நிற உப்பிய பையும், அதற்கு முன்னால் ஜவ்வரிசி போல ஒட்டிக்கொண்ட பழுப்பு முட்டைக் குவியலும் தெரியும். ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகள் இட்டுவிட்டுச் செத்துப்போகும். ஆகவே எந்த நேரத்திலும் நாயின் மேல் இருக்கும் உண்ணிகளைவிடச் சுவரில் இருப்பவை அதிகம். வளர்ந்த உண்ணி இரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டால், சுவரில் இருப்பவை எல்லாம் பசியோடு வீட்டிலேயே இருக்கும். நாய் இல்லாத வீட்டில் அவை மனிதரைத் தேடி வரும். அக்கம்பக்கத்தாரின் யோசனையில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். அதோடு, பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இந்த உண்ணி நாய்க்குக் கொண்டுவருவது எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியாவும், இரத்தச் சிவப்பணுவுக்குள் வாழும் பெபீசியா, அத்துடன் வேறு சில கிருமிகளும். காய்ச்சல், சோறு தின்னாமை, வெளுத்த ஈறு, மூக்கிலிருந்து இரத்தம், காப்பி நிறச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஸ்லைடில் மெல்லிய பூச்சாக இழுத்து, கீம்சா சாயமிட்டுப் பார்த்தாலே பெபீசியாவைப் பல வேளைகளில் பிடித்துவிடலாம். இந்தக் கிருமிகளுள் ஒன்றுக்கு நம் ஊரோடு உறவுண்டு என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற ஆய்வாளர், மெட்ராஸ் ஹன்ட் எனப்பட்ட வேட்டைக் குழுவின் நாய்களின் இரத்தத்திலும், பின்னர் நரியின் இரத்தத்திலும் கண்டு, 1910-ல் உலகுக்கு அறிவித்த கிருமிதான் இன்று பெபீசியா கிப்சோனி என்று உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் படிப்பது.

அதே பேட்டனின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1903-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், இறந்த ஒருவரின் மண்ணீரலில் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலின் கிருமியைக் கண்டார். லெய்ஷ்மன் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் அதே கிருமியைப் பற்றி அதே ஆண்டில் சற்று முன்னதாக எழுதியிருந்தார்; இருவர் பெயரும் சேர்ந்து லெய்ஷ்மேனியா டோனவானி ஆயிற்று. அடுத்த கேள்வி, இதை மனிதருக்குள் செலுத்தும் பூச்சி எது என்பது. பேட்டன் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். நோயாளியின் இரத்தம் குடித்த மூட்டைப்பூச்சியின் குடலில் கிருமி வளர்வதைக் கண்ணாலேயே பார்த்தார். அவர் பார்த்தது உண்மை, எடுத்த முடிவு தவறு. மணல் ஈயே அந்தப் பூச்சி என்பது, 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தொற்றுள்ள மணல் ஈக்களைத் தன்னார்வலர்கள் மீது கடிக்கவிட்டு, அவர்களுக்கு நோய் வந்ததைக் காட்டிய பிறகே ஐயமற நிறுவப்பட்டது. ஒரு பூச்சிக்குள் கிருமி இருப்பது வேறு, அந்தப் பூச்சி நோயைப் பரப்புவது வேறு என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு இந்தக் கதையை வைத்தே கற்பித்தேன். நாயின் மேல் உண்ணி இருக்கிறது, பையனின் மேல் படர்தாமரை இருக்கிறது, ஆகவே நாய்தான் என்னும் வாதமும் அதே வகையைச் சேர்ந்தது.

உண்ணியை எடுக்கும்போது சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். ஊதுவத்தியால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். விரலால் நசுக்காதீர்கள், ஒரு புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடுங்கள். சுவர் இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைப்பது எந்த மருந்தையும்விட நீடித்த பலன் தரும். நாய்க்கு ஃப்ளூராலனர் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. உண்ணி கடித்து இரத்தம் குடிக்கும்போது மருந்து அதன் நரம்பைத் தாக்கிக் கொல்கிறது, ஒரு மாத்திரையின் பலன் வாரக்கணக்கில் நிற்கிறது. விலை அதிகம்தான், மருத்துவரிடம் எடைக்கேற்பக் கேளுங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறது. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனையின் உடலில் சிதையாமல் தங்கி, வலிப்பு வந்து அதன் உயிரையே எடுத்துவிடும். நாயின் முதுகில் மருந்து விட்டுவிட்டு, இரண்டும் கட்டிப்புரண்டு விளையாட விட்டாலும் அதே ஆபத்துதான். உண்ணிக்காக நாய்க்குப் பூசும் அமிட்ராஸ் கரைசலும் பூனைக்கு ஆகாது.

பருவமழைக்குப் பின் வரும் காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்தித்தாள்கள் ஸ்கிரப் டைஃபஸை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவதால், நாயுண்ணியால்தான் அது வருகிறது என்று மக்கள் நம்பிவிட்டார்கள். அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பரப்புவது நாயுண்ணி இல்லை. புதரிலும் எலி நடமாடும் இடத்திலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் ஆறுகால் குஞ்சு. கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பிலோ மார்பின் கீழோ, சிகரெட்டால் சுட்டது போன்ற வலியில்லாத கறுத்த புண் இருக்கும். மருத்துவர் துணியை விலக்கித் தேடினால்தான் அகப்படும். நேரத்தில் கொடுத்தால் டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மருந்துக்கே கேட்கும். முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று, இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கொசுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மகளுக்காகச் சில வரிகள். அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி என்னும் மலேரியாக் கொசு சாக்கடையில் முட்டையிடாது. மூடி சரியில்லாத சின்டெக்ஸ் தொட்டியிலும் கிணற்றிலும் நல்ல நீரில் இடும். நம் நகரத்துக்குப் பழகிய அதே கொசு 2012-ல் ஜிபூட்டியிலும், அதன்பின் எத்தியோப்பியாவிலும் இலங்கையின் மன்னாரிலும் கால்வைத்துவிட்டது. ஆப்பிரிக்க நகரங்களுக்கு இது பெரிய கவலை. லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம்மில் பிறப்பது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். அதன் முட்டை உலர்ந்த டிரம்மின் பக்கச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே டிரம்மைக் காலி செய்தால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் பிறக்கும் க்யூலெக்ஸ் யானைக்காலைப் பரப்பக்கூடியது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். இவை அனைத்துக்கும் ஒரே துறை இல்லை என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் புழு, ஓரணு உயிர், உண்ணி, ஈ, கொசு எல்லாம் ஒட்டுண்ணியியல் துறையில். பூஞ்சை நுண்ணுயிரியல் துறையில். மனித மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணியும் பூஞ்சையும் நுண்ணுயிரியலில் சேர்ந்து இருக்கும், படர்தாமரை நோயாளியோ தோல் மருத்துவரிடம் இருப்பார், கொசு பூச்சியியலாளரிடம். உங்கள் ஒரே வீட்டில் நடப்பது நான்கு துறைகளில் சிதறிக் கிடக்கிறது. பி.வி.எஸ்சி. படிப்பு ஐந்தரை ஆண்டு. தமிழ்நாட்டின் மாநில இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. சேர்க்கையை நடத்துவது மாதவரத்தில் தலைமையகம் கொண்ட கால்நடைப் பல்கலைக்கழகம். பூச்சிகளில் ஆர்வமானால், பட்டப்படிப்புக்குப் பின் புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுகலை நடத்துகிறது. பூஞ்சையில் நம் நாட்டின் பெரிய ஆய்வகம் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் இருக்கிறது. மூன்றிலும் பூஞ்சைக்குத்தான் ஆட்கள் மிகக் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் கவனிக்க வேண்டிய பூஞ்சைகளின் முதல் பட்டியலையே 2022-ல்தான் வெளியிட்டது. அதிலுள்ள பத்தொன்பதில் படர்தாமரைப் பூஞ்சை இல்லை, ஏனெனில் அது உயிரை எடுப்பதில்லை. மதுரைக் கால் என்று உலகம் அழைக்கும், காலைத் துளைத்துச் சீழ்வடிய வைக்கும் நோயின் பூஞ்சைகள் அதில் இருக்கின்றன. 1840-களில் மதுரையில் விவரிக்கப்பட்டதால் நம் ஊர்ப் பெயரைச் சுமக்கும் அந்த நோய்க்கு இன்றுவரை நல்ல மருந்து கிடையாது. உங்கள் மகள் பூஞ்சையை எடுத்துப் படித்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

கடைசிக் கேள்வி, ஒரே பாய். இப்போதைக்கு வேண்டாம். மகனின் செதில், குட்டியின் முடி இரண்டின் சோதனையும் வந்து, சுவர் இடுக்குகள் அடைபட்டு, நாயின் மேல் தொடர்ந்து இரண்டு மாதம் உண்ணியே காணாத நிலை வரும்வரை தனித்தனியே படுக்கட்டும். அதற்குள் நாய்க்கும் குட்டிக்கும் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். தாய்ப்பால் வழியாகவே பூனைக்குட்டிக்கு உருளைப்புழு வந்துவிடுகிறது; மூன்று வார வயதிலேயே மருந்து தொடங்கியிருக்க வேண்டும், இனியும் தள்ளிப்போட வேண்டாம். அதன் மலத்தில் வெளிவரும் புழு முட்டை அன்றே தொற்றாது, மண்ணில் இரண்டு வாரமாவது பழுத்த பின்தான் தொற்றும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கத்திலிருந்தோ தெருமுனைக் கறிக்கடையிலிருந்தோ நாய்க்கென்று வாங்கும் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடாதீர்கள். ஆட்டின் அந்த உறுப்புகளில் இருக்கும் நீர்க்கட்டிகளைத் தின்றுதான் நாய்க்கு எக்கைனோகாக்கஸ் என்னும் சில மில்லிமீட்டர் நீளமான நாடாப்புழு வருகிறது, அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டியாக வளர்கிறது. நன்றாக வேகவைத்துப் போடுங்கள். இவ்வளவும் முடிந்தபின், தை மாதத்துக் குளிரில் நாய் அவன் காலடியில் வந்து சுருண்டு படுத்தால், படுக்கட்டும்.